ஏஎச்எல்லில் இவ்வளவு புள்ளி போடுகிறான், மேலே ஏன் கூப்பிடவில்லை?

உங்கள் பக்கத்து வீட்டுப் பெடியன் 18 வயதில் வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் ட்ராஃப்ட் ஆனான், அதாவது ஓர் அணி அவனைத் தன் ஆளாகத் தேர்ந்தெடுத்தது, 20 வயதில் ஒப்பந்தம் போட்டான், இப்போது அதற்கு ஒரு படி கீழே இருக்கும் ஏஎச்எல்லில் மூன்றாவது சீசன், ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறான். ஆனால் மேல் அணியில் ஒருவருக்குக் காயம் வந்தபோது அவனை விட்டுவிட்டு அவனில் பாதிப் புள்ளிகூடப் போடாத ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இது அரசியலா, இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று தரம் வாசித்த பிறகு எனக்குப் பட்டது, நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று: கீழே நன்றாக ஆடினால் மேலே போகலாம் என்றுதானே எல்லோரும் சொன்னார்கள், அந்தக் கணக்கு எங்கே பிழைத்தது? அந்தக் கணக்கு ஆரம்பத்திலிருந்தே அப்படி இல்லை. அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் யாரென்றால், ஸ்காபரோவில் சின்னப் பிள்ளைகளின் அணிகளுக்கு வாங்குக்குப் பின்னால் நின்று கதவு திறந்துவிடும் வேலையில் தொடங்கி, பிறகு ஒரு ஜூனியர் அணிக்கு ஒன்பது வருடம் வீடியோ வெட்டிக்கொடுத்தவன், இடையில் வார இறுதிகளில் ஆட்டம் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுத்ததும் உண்டு. என்எச்எல் அலுவலகம் எதற்குள்ளும் நான் இருந்ததில்லை. நீங்கள் சொல்லும் பெடியனை நான் பார்த்ததும் இல்லை. ஆகவே விதிகளைப் பற்றிச் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், அவனைப் பற்றிச் சொல்வதை ஊகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம் எவ்வளவு என்று பார்ப்போம். என்எச்எல்லில் 32 அணிகள், ஓர் அணியில் 23 பேர், மொத்தம் 736 வேலை. ஆனால் ஓர் அணி 50 பேர் வரை ஒப்பந்தத்தில் வைத்திருக்கலாம். அப்படியென்றால் ஒப்பந்தம் கையில் இருப்பவர்களிலேயே பாதிக்கு மேல் எந்த நாளிலும் மேலே இல்லை, கீழேதான். இதற்குள் ஒவ்வொரு ஜூனிலும் ஏழு சுற்று ட்ராஃப்ட், சுமார் 224 புதுப் பெயர்கள் வரிசையில் வந்து நிற்கும், ட்ராஃப்ட் ஆகாமல் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருகிறவர்கள் அதற்கு மேல். என்எச்எல்லில் ஆடுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஏஎச்எல் வழியாக வந்தவர்கள் என்று அந்த லீக் விளம்பரம் செய்யும். அது உண்மைதான். ஆனால் சனம் அதைத் தலைகீழாக விளங்கிக்கொள்கிறது. மேலே இருப்பவர்கள் கீழே இருந்து வந்தவர்கள் என்பதால் கீழே இருப்பவர்கள் மேலே போவார்கள் என்று ஆகிவிடாது.

சரி, புள்ளிக்கு வருவோம். கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்ததுதான் புள்ளி, அது கணினியில் உடனே தெரிகிறது, பெற்றோரும் அயலவர்களும் அதைத்தான் பார்ப்பார்கள். ஆன்ட்ரூ பொட்டரால்ஸ்கி என்று ஓர் ஆட்டக்காரர், 2021-22இல் சிகாகோ வுல்வ்ஸ் அணிக்கு ஆடி 101 புள்ளி போட்டார், லீக்கிலேயே முதலிடம், அந்த வருடம் அணி ஏஎச்எல் சாம்பியனுக்குரிய கால்டர் கோப்பையும் வென்றது. அவர் என்எச்எல்லில் ஆடிய ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிறிஸ் போர்க் 2011-12இல் ஒரு தரம், 2015-16இல் இன்னொரு தரம் ஏஎச்எல்லில் புள்ளிப் பட்டியலின் தலைமேல் இருந்தார், மேலே கிடைத்தது மொத்தம் 51 ஆட்டம். அவருடைய அப்பா ரே போர்க், என்எச்எல் வரலாற்றின் மிகப் பெரிய பாதுகாப்பு ஆட்டக்காரர்களில் ஒருவர். அரசியலும் பெயரும் மட்டும் போதுமென்றால் அந்த மகனுக்குத்தான் முதலில் கதவு திறந்திருக்க வேண்டும்.

ஏன் இப்படி? ஓர் ஆட்டத்துக்கு உடை மாற்றுகிறவர்கள் 20 பேர், அதில் முன்வரிசை 12 பேர், மும்மூன்று பேராக நான்கு வரிசை. மேல் இரண்டு வரிசையில் இருப்பவர்கள் பல மில்லியன் டொலர் வாங்குகிறவர்கள், அவர்களில் ஒருவருக்குக் காயம் என்றால் மூன்றாம் வரிசையில் இருப்பவரை மேலே நகர்த்துவார்களே தவிர கீழே இருந்து வருகிறவனை நேராக அங்கே உட்கார வைப்பது அரிது. காலியாவது எப்போதும் நான்காம் வரிசையின் ஒரு மூலை. அங்கே ஒரு இரவில் ஏழெட்டு நிமிடம்தான் ஐஸில் நிற்கலாம், எதிரணியில் ஓர் ஆள் பெனல்டியில் வெளியே இருக்கும் பவர்ப்ளே நேரம் கிடையாது. அந்த ஏழு நிமிடத்தில் கேட்கப்படுவது எதிரணி ஆளைச் சுவரோடு அழுத்துவது, பெனல்டி வந்தால் ஓர் ஆள் குறைவாக நின்று தாக்குப்பிடிப்பது, நடுவர் இருவருக்கு நடுவே பக்கை, அதாவது ஆடும் ரப்பர் வட்டை, போடும் முகமோதலில் அதை வென்று கொடுப்பது, ஷொட்டுக்கு முன்னால் விழுந்து மறிப்பது, அப்புறம் நேரத்துக்கு வாங்குக்குத் திரும்பி வருவது. உங்கள் பெடியன் கீழே முதல் வரிசையில் பதினெட்டு இருபது நிமிடம் பக்கோடு விளையாடிப் புள்ளி போடுகிறவன். பாதிப் புள்ளி போட்டவன் அநேகமாக அந்த ஏழு நிமிட வேலையைக் கீழேயே மூன்று வருடமாகச் செய்துகொண்டிருப்பவன். சமையலுக்கு ஆள் தேடவில்லை, பந்தியில் பரிமாற ஆள் தேடினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோ வெட்டிய காலத்தில் எனக்குப் பழகிய ஒரு காட்சி. எதிரணி அழுத்தும்போது நம் பக்கத்துச் சுவரோரம் பக் வருகிறது, ஓரத்து ஆட்டக்காரன் முதுகைத் திருப்பி நிற்கிறான், பின்னால் எதிரணித் தடியன் ஒருவன் வருகிறான், நம் ஆளுக்கு அரை நொடிதான் இருக்கிறது. அதில் பக்கை நம் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்டி வெளியே போட வேண்டும். ஒரு கெட்டிக்காரப் பெடியன் அதைத் தடியால் தடுத்து நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு அழகான பாஸ் கொடுக்கப் பார்ப்பான், பத்தில் ஏழு தரம் சரியாகும், கீழே கை தட்டுவார்கள். சரிவராத மூன்றில் ஒன்று கோலாகும், அதற்காக அடுத்த நாள் காலையில் ஒரு கோச் என்னிடம் அந்தத் துண்டை மட்டும் கேட்பார். மேலே இருக்கும் கோச்சுக்குப் பத்தில் பத்து தரமும் சும்மா அரங்கைச் சுற்றியுள்ள கண்ணாடியில் அடித்து வெளியே தள்ளுகிறவன்தான் தூக்கம் தருகிறவன். அடுத்த தரம் உங்கள் பெடியனுடைய ஆட்டத்துக்குப் போனால் பக்கைப் பார்க்காதீர்கள், ஆட்டத்தின் ஒரு பிரிவு முழுக்க அவனை மட்டும் பாருங்கள், பக் தன்னிடம் இல்லாதபோது என்ன செய்கிறான் என்று. ரொறன்ரோவின் எக்ஸிபிஷன் பிளேஸில் ஏஎச்எல் அணியான மார்லீஸ் ஆடும் அரங்கின் மேல் வரிசை இதற்கு நல்ல இடம், அங்கிருந்து பார்த்தால் எல்லாம் விளங்கும், காசும் குறைவு.

இனி விதிகள். இவை உறுதியானவை, உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இவற்றில் இருக்கிறது. 20 வயதில் ஒப்பந்தம் போட்டால் முதல் ஒப்பந்தம் மூன்று வருடம். அந்த மூன்று வருடம் முடியும்வரை, அல்லது 160 என்எச்எல் ஆட்டம் ஆகும்வரை, அணி அவனை மேலும் கீழும் எத்தனை தரம் வேண்டுமானாலும் அனுப்பலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. அதற்குப் பிறகு கீழே அனுப்ப வேண்டுமென்றால் முதலில் வேய்வரில் போட வேண்டும், அதாவது 24 மணிநேரம் மற்ற 31 அணிகளுக்கும் முன்னால் அவன் பெயர் கிடக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகலாம். இப்போது ஒரு மேலாளராக யோசியுங்கள். வேய்வர் தேவைப்படும் ஒருவன், தேவைப்படாத ஒருவன், இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே தரம். தேவைப்படாதவனைக் கீழே வைத்திருப்பதில் நட்டம் இல்லை, மற்றவனை இழக்க நேரிடும். யாரை வைத்துக்கொள்வீர்கள்? நல்ல பெடியன்கள் அனுப்ப வசதியாக இருப்பதாலேயே கீழே கிடப்பது ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கும், அதில் பகை ஒன்றும் இல்லை, கணக்குத்தான்.

உங்கள் பெடியனுக்கு இது மூன்றாவது சீசன் என்றால் இந்த வசதி இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த செப்டம்பர் பயிற்சி முகாமில் முதல் தடவையாக அணி ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டும், மேலே வைத்திருப்பதா, 31 பேர் முன்னால் போடுவதா. பல பெடியன்கள் திடீரென்று நாலாவது வருடத்தில் என்எச்எல்லில் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். ஆனால் வேய்வரில் போகிறவர்களில் பெரும்பாலோரை யாரும் எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயர் கிடக்கும், மறுநாள் மத்தியானம் திரும்பவும் கீழே பஸ்.

அப்போ அரசியல் இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் இல்லை. முதல் சுற்றில் எடுத்த ஆட்டக்காரனுக்கு மூன்று நான்கு தடவை வாய்ப்புக் கிடைக்கும், ஆறாம் சுற்றில் வந்தவனுக்கு ஒன்று கிடைக்கும், அதிலும் இரண்டு ஆட்டத்தில் சரிவரவில்லை என்றால் திரும்ப அனுப்பிவிடுவார்கள். முதல் சுற்றுத் தேர்வு பிழைத்தால் மேலாளரின் வேலைக்கு ஆபத்து, ஆறாம் சுற்று பிழைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. இது என் கருத்து, பல வருடம் வெளியில் நின்று பார்த்து வந்தது. நானே எழுதிய அறிக்கைகளிலும் அந்தப் பிழை இருந்திருக்கிறது: ஒரு பெடியனைப் பற்றி ஆள் சின்னன், மேலே தாங்கமாட்டான் என்று இரண்டு வரியில் முடித்தேன், அவன் பிறகு பல வருடம் காசு வாங்கி ஆடினான், நான் அவனைப் பார்த்தது இரண்டே ஆட்டம்.

காசையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்காரர்களுக்கு இது சரியாக விளங்குவதில்லை. முதல் ஒப்பந்தம் இருவழி ஒப்பந்தம், அதாவது மேலே ஒரு சம்பளம், கீழே வேறு சம்பளம். 2025-26 சீசனில் மேலே குறைந்தபட்சச் சம்பளம் 775,000 அமெரிக்க டொலர், கீழே முதல் ஒப்பந்தக்காரருக்கு அதிகம் போனால் 85,000 அளவில். சீசன் சுமார் 190 நாள் என்று வைத்து நாள் கணக்கில் பிரித்தால் மேலே ஒரு நாள் ஏறக்குறைய 4,000, கீழே 400 சொச்சம். ஒரு கிழமை மேலே இருந்துவிட்டு வந்தால் கீழே இரண்டு மாதம் உழைத்ததற்குச் சமம், ஒரு நிமிடம்கூட ஐஸில் இறக்கப்படாமல் மேலே உட்கார்ந்திருந்தாலும் அப்படித்தான். ஏஎச்எல் ஒரு சீசனில் 72 ஆட்டம், பெரும்பாலும் வார இறுதியில் நெருக்கி வைப்பார்கள், வெள்ளி சனி ஞாயிறு மூன்று நாளில் மூன்று ஆட்டம் என்பதெல்லாம் சாதாரணம், நடுவில் இரவுப் பஸ். அதற்கும் கீழே ஈசிஎச்எல். அங்கே வாரத்துக்குச் சில நூறு டொலரும் தங்க இடமும்.

இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் கதைப்பதில்லை. ஏஎச்எல் வளர்க்கும் லீக் என்பதால் ஓர் ஆட்டத்தில் இறங்கும் 18 பேரில், கோல்காப்பாளர்களைத் தவிர்த்து, 13 பேர் வளரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும். அவர்களில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக்கூடாது, ஒருவருக்கு மட்டும் 320 வரை இடம் கொடுப்பார்கள். வருடத்துக்கு 72 என்று கூட்டிப் பாருங்கள், நாலாவது சீசன் நடுவில் 260 வந்துவிடும். சீசன் தொடங்கும்போதுதான் கணக்குப் பார்ப்பார்கள், ஆகவே அதற்கு அடுத்த சீசனிலிருந்து அவன் முதியவர் கணக்கு, வயது 24 ஆக இருந்தாலும். அந்தச் சில இடங்களுக்கு 32, 33 வயது அனுபவக்காரர்களோடு போட்டி போட வேண்டும். மேலே போகவும் இல்லை, கீழேயும் இடம் சுருங்குகிறது என்று பெடியன்கள் சுவீடனுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போவது இந்த இடத்தில்தான். அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன், சுவிஸ் லீக்கில் நல்ல சம்பளம் கொடுக்கிறார்கள், ஆட்டமும் குறைவு, பிள்ளைகளோடு இரவு வீட்டில் படுக்கலாம்.

கோல்காப்பாளர்களின் கதை முற்றிலும் வேறு, ஓர் அணிக்கு இரண்டு என்றால் உலகத்தில் 64 வேலைதான், யாராவது சரியும்வரை காத்திருப்பதைத் தவிர வழி இல்லை. ரிச்மண்ட் ஹில்லில் பிறந்த ஜோர்டன் பின்னிங்டன் 2011இல் மூன்றாம் சுற்றில் எடுக்கப்பட்டார். வருடக்கணக்காகக் கீழே. ஒரு சீசனில் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்குச் சொந்தமாக ஏஎச்எல் அணியே இல்லாததால் வேறொரு அணியின் கிளைக்குக் கடன் கொடுத்து அனுப்பினார்கள். 2019 ஜனவரி 7இல் முதல் தடவையாக ஓர் என்எச்எல் ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்தே நின்று ஆடியபோது புளூஸ் லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. அன்று ஒரு கோலும் விடவில்லை, ஜூனில் என்எச்எல் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பை. டிசம்பரில் அவரைப் பற்றி உங்களைப் போல ஒருவர் கேட்டிருந்தால் நான் ஐரோப்பாவைப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அதனால் உங்கள் பெடியனுக்கு என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டால், தெரியாது. ஆனால் எதைப் பார்த்தால் தெரியும் என்று சொல்லலாம். ஒன்று, மேல் அணியின் பயிற்சி முகாமில் அவனுக்கு என்ன வேலை கொடுத்தார்கள், இப்போது கீழே இருக்கும் கோச் அதே வேலையை அவனுக்குப் பழக்குகிறாரா, உதாரணமாக இந்த வருடம் திடீரென்று பெனல்டி வந்த நேரத்தில் அவனை இறக்கத் தொடங்கியிருந்தால் அது மேலிருந்து வந்த கட்டளை, நல்ல சகுனம். மற்றது, அவனுக்கு முன்னால் நிற்கிறவர்களின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது. அணியின் வலது ஓரத்தில் நாலு பேர் இன்னும் மூன்று வருடத்துக்குக் கட்டப்பட்டிருந்தால் அவன் என்ன செய்தாலும் அங்கே இடம் இல்லை. அவன் தேட வேண்டியது இன்னொரு அணி. கார்ட்டர் வெர்ஹேகியை 2013இல் எடுத்தது ரொறன்ரோ, ஆட முதலே கைமாற்றிவிட்டார்கள், ஈசிஎச்எல்கூடப் பார்த்தவர், 2018-19இல் ஏஎச்எல் அணியான சிரக்கியூசில் 82 புள்ளி, அதற்குப் பிறகும் மேலே டாம்பாவில் அடி வரிசைதான். 2020இல் ஃபுளோரிடா எடுத்து அந்த அணியின் நட்சத்திரம் பார்கோவ் பக்கத்தில் ஆடவிட்டது, 2022-23இல் 42 கோல். அதே ஆள்தான், பக்கத்தில் நின்றவர் மாறினார்.

எவ்வளவு காலம் என்ற கேள்விக்கு ஒரு வயதைச் சொல்கிறேன், 25. ஒரு ஆட்டக்காரன் 25 வயதாகி, மூன்று தொழில்முறை சீசன் முடித்து, அதற்குள் 80 என்எச்எல் ஆட்டம் ஆடியிருக்கவில்லை என்றால், ஒப்பந்தம் முடியும்போது எந்த அணிக்கும் போகச் சுதந்திரம் கிடைக்கிறது, பழைய அணி பிடித்துவைக்க முடியாது. மேலே கூப்பிடாமல் விட்ட அதே அணி தன் கையாலேயே அவனை விடுவித்துவிடுகிறது என்று சொல்லலாம். மைக்கேல் பன்டிங் நம் ஸ்காபரோப் பெடியன், 2014இல் நாலாம் சுற்று, அரிசோனா அணி, ஈசிஎச்எல், ஏஎச்எல் என்று பல வருடம். 2021 கோடையில் அவருக்கு வயது 25, என்எச்எல்லில் ஆடியது வெறும் 26 ஆட்டம், அதனால் சுதந்திரம். ரொறன்ரோவில் வருடத்துக்கு 950,000 டொலருக்கு இரண்டு வருடம் கையெழுத்திட்டார், அணியின் நட்சத்திரங்களான மத்தியூஸுக்கும் மார்னருக்கும் பக்கத்தில் நின்று அந்த சீசனில் 63 புள்ளி, 26 வயதில் சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். எல்லோருக்கும் அப்படி அமையாது. ஆனால் உங்கள் பெடியனுக்கோ அவன் அப்பாவுக்கோ இந்த 80 ஆட்டக் கணக்கு தெரிந்திருக்கிறதா என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள், அவனுடைய ஏஜென்ட் இந்த வருடம் மூன்று வருட ஒப்பந்தம் ஒன்றை நீட்டினால் அதில் கையெழுத்து வைக்க முதல்.